சலுகை வேண்டாம், வாய்ப்பு வேண்டும்: பெப்பு நகரம் கற்றுத் தந்த பாடம்

உடற்பேறு குறைந்தோருக்குக் கணினிப் பயிற்சி, மின்னியல் பயிற்சி என்று பல திட்டங்களைப் பற்றி இன்று நாம் கேள்விப்படுகிறோம். பயிற்சி முடிவில் சான்றிதழ் வழங்கும் விழா நடைபெறுகிறது; படமும் எடுத்துக் கொள்கிறார்கள். அடுத்த திங்கட்கிழமை காலையில் அந்தச் சான்றிதழைப் பெற்றவர் எங்கே போகிறார்? வேலைக்கா, மீண்டும் வீட்டின் பின்னறைக்கா? இந்த ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, ஜப்பானில் ஒரு சிறு நகரத்தில் நடந்த வரலாற்றைத் திரும்பிப் பார்ப்போம்.

தோக்கியோவில் கண்ட காட்சி

1964ஆம் ஆண்டு தோக்கியோவில் ஒலிம்பிக் போட்டிகள் நடந்து முடிந்தன. அதே ஆண்டு நவம்பர் மாதம், சக்கர நாற்காலியில் இயங்கும் விளையாட்டாளர்களுக்கான போட்டிகள் அங்கு நடைபெற்றன. பாராலிம்பிக் என்று நாம் இன்று அழைப்பது அதைத்தான். இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் கலந்துகொண்டன. ஜப்பானின் அணியில் 53 பேர் இருந்தார்கள்.

விளையாட்டரங்கில் யார் வென்றார்கள் என்பதைவிட, விளையாட்டரங்குக்கு வெளியே நடந்ததுதான் ஜப்பானியர்களை உலுக்கியது. வெளிநாட்டு விளையாட்டாளர்கள் போட்டி முடிந்ததும் கடைத்தெருவுக்குப் போனார்கள், பொருள் வாங்கினார்கள், சிரித்துப் பேசினார்கள். அவர்களில் பலருக்கு ஊரில் வேலை இருந்தது, குடும்பம் இருந்தது. ஜப்பானிய விளையாட்டாளர்களோ பெரும்பாலும் மருத்துவமனைகளிலிருந்தும் பராமரிப்பு இல்லங்களிலிருந்தும் அழைத்து வரப்பட்டவர்கள். சொந்தமாகச் சம்பாதித்து வாழ்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இரு தரப்பினருக்கும் இருந்தது ஒரே முதுகுத்தண்டுக் காயம். ஒரே சக்கர நாற்காலி. ஆனால், போட்டி முடிந்ததும் ஒரு தரப்பினர் வேலைக்குத் திரும்பினார்கள்; மறு தரப்பினர் மருத்துவமனைக் கட்டிலுக்குத் திரும்பினார்கள். குறை உடம்பில் மட்டும் இருந்திருந்தால் இந்த வேறுபாடு எப்படி வந்திருக்கும்?

இந்தக் கேள்வியால் உறக்கம் இழந்தவர் ஜப்பானிய அணியின் தலைவராக இருந்த டாக்டர் யுத்தாகா நாகாமுரா.

காரை விற்ற மருத்துவர்

நாகாமுரா 1927இல் பெப்பு நகரில் பிறந்தவர். கியூஷு தீவின் ஒயித்தா மாநிலத்தில் உள்ள பெப்பு, வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கிருந்த தேசிய மருத்துவமனையில் அவர் எலும்பு முறிவுச் சிகிச்சைப் பிரிவின் தலைவராகப் பணியாற்றினார்.

1960இல் அவர் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே டாக்டர் லுட்விக் குட்மன் என்பவர், போரில் முதுகுத்தண்டு அடிபட்ட வீரர்களைக் கவனித்து வந்தார். ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பி, 1939இல் ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்த யூத மருத்துவர் அவர். 1948இல் லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், தம் மருத்துவமனைத் தோட்டத்திலேயே நோயாளிகளுக்கு வில்வித்தைப் போட்டி நடத்தியவர்.

அங்கு நாகாமுரா கண்டது, அறுவைச் சிகிச்சையில் ஏதோ புதிய நுணுக்கத்தை அல்ல. நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் சில மாதங்களில் வேலைக்குத் திரும்புவதைக் கண்டார். காயம் ஆறுவதோடு மருத்துவம் முடிவதில்லை, சம்பள நாளில்தான் முடிகிறது என்ற எண்ணத்தோடு அவர் நாடு திரும்பினார்.

தாய்நாட்டில் அவருக்குக் கிடைத்தது பாராட்டு அல்ல. நோயாளிகளை விளையாட வைத்து ஊருக்குக் காட்சிப் பொருளாக்குகிறீர்களா என்று கேட்டவர்கள் உண்டு. அவர் பின்வாங்கவில்லை. 1961இல் ஒயித்தாவில் உடற்பேறு குறைந்தோருக்கான விளையாட்டு விழாவை நடத்தினார். 1962இல் இங்கிலாந்தில் நடந்த போட்டிக்கு இரண்டு ஜப்பானியரை அனுப்பி வைத்தார். பணம் போதவில்லை, தம்முடைய காரை விற்றுச் செலவைச் சமாளித்தார்.

எனினும், 1964க்குப் பிறகு அவருக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. பதக்கம் ஒரு நாள் மகிழ்ச்சி. வேலை இல்லாத மனிதன் பதக்கத்தை எங்கே மாட்டி வைப்பான்? மருத்துவமனைச் சுவரிலா?

சூரிய இல்லம்

1965ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், பெப்புவின் கமேகாவா பகுதியில் நாகாமுரா ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். தாயோ நோ இயே என்பது அதன் பெயர்; சூரிய இல்லம் என்று பொருள். பெயர் சூட்டியவர் எழுத்தாளர் சுத்தோமு மிசுக்காமி. முதுகுத்தண்டுக் குறைபாட்டுடன் பிறந்த மகளுக்குத் தந்தை அவர். உடற்பேறு குறைந்தோருக்கு நாடு என்ன செய்தது என்று கேட்டு, 1963இல் பிரதமருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி நாட்டையே பேச வைத்தவர்.

சூரிய இல்லத்தின் முழக்கம் மிகச் சுருக்கமானது: தருமம் வேண்டாம், வாய்ப்புத் தாருங்கள். உலகில் உடற்குறை உள்ளவர்கள் இருக்கலாம், ஆனால் வேலைக்குக் குறை இருக்க முடியாது என்பது நாகாமுராவின் நம்பிக்கை. அங்கே சேர்ந்தவர்களை அவர் நோயாளிகள் என்று கருதவில்லை, தொழிலாளர்களாகவே கருதினார்.

முழக்கம் எழுதுவது எளிது, சம்பளம் கொடுப்பது கடினம் என்பதை முதல் சில ஆண்டுகள் காட்டிவிட்டன. மூங்கில் பொருட்கள், மரவேலை, தையல் என்று தொடங்கினார்கள். மூங்கில் வேலைப்பாட்டுக்குப் பெப்பு பெயர் பெற்ற ஊர்தான். ஆனால், ஜப்பானின் பொருளாதாரம் அப்போது வேறு பாதையில் பாய்ந்து சென்றுகொண்டிருந்தது. வானொலி, தொலைக்காட்சி, மின்விசை என்று புதிய தொழிற்சாலைகள் பெருகிய காலம் அது. உடல் வலுவுள்ளவர்கள் மின்னியல் தொழிலுக்குப் போக, உடற்பேறு குறைந்தோர் மட்டும் கூடை முடைந்தால் அவர்கள் வருமானம் என்றைக்கு உயரும்?

இங்கேதான் நாகாமுரா மற்ற தொண்டர்களிடமிருந்து வேறுபட்டார். எளிய வேலையைத் தேடிக் கொடுப்பதை அவர் விட்டுவிட்டார். அந்தக் காலத்தின் முன்னணித் தொழில்நுட்பம் எதுவோ, அந்த வேலையே தம் மக்களுக்கு வேண்டும் என்று நிறுவனங்களின் கதவைத் தட்டினார். கதவுகள் பல, திறக்கவே இல்லை.

இயந்திரத்தை மாற்றினார்கள்

திறந்த கதவு தாதேசி மின்னியல் நிறுவனத்துடையது. இன்று ஓம்ரோன் என்ற பெயரில் உலகம் அறிந்த நிறுவனம் அது. வீட்டில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியில் அந்தப் பெயரை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதன் நிறுவனர் கசுமா தாதேசி, நாகாமுராவின் கோரிக்கையை ஏற்றார். 1972இல் இரு தரப்பும் இணைந்து, ஓம்ரோன் தாயோ என்ற தொழிற்சாலையைப் பெப்புவில் தொடங்கின. மின்னியல் கருவிகளுக்கான பாகங்களைத் தயாரிப்பது அதன் வேலை.

பயிற்சி எப்படி நடந்தது என்பதை நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும். வழக்கமான பயிற்சியில் இயந்திரம் அப்படியே இருக்கும். மனிதன்தான் அதற்கேற்ப மாற வேண்டும். இரண்டு கை இல்லாவிட்டால், தகுதி இல்லை என்று எழுதிவிடுவார்கள். பெப்புவில் அதைத் தலைகீழாக்கினார்கள். ஒரு கை மட்டும் உள்ளவர் எப்படிப் பாகத்தைப் பொருத்துவது? மற்றொரு கை செய்ய வேண்டியதைச் செய்ய, பாகத்தை இறுக்கிப் பிடிக்கும் கருவி ஒன்றை மேசையில் பொருத்தினார்கள். காலால் மிதிக்க வேண்டிய விசையைக் கைக்கு எட்டும் இடத்துக்குக் கொண்டு வந்தார்கள். மேசையின் உயரத்தைச் சக்கர நாற்காலிக்கு ஏற்ப அமைத்தார்கள். ஒவ்வொருவரும் எதைச் செய்ய முடியும் என்று பார்த்து, வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள்.

வகுப்பறையில் ஓராண்டு, பிறகு வேலை தேடி ஓராண்டு என்ற முறை அங்கு இல்லை. வேலை செய்யும் இடத்திலேயே பயிற்சி. செய்து முடித்த பாகம் உண்மையான வாடிக்கையாளருக்குப் போனது. தரம் குறைந்தால் திரும்பி வரும். அதில் இரக்கத்துக்கு இடமில்லை. அந்தக் கண்டிப்பே தொழிலாளிக்கு மதிப்பைத் தேடித் தந்தது. நட்டத்தில்தான் ஓடும் என்று பலர் எதிர்பார்த்த அந்தத் தொழிற்சாலை, முதல் ஆண்டிலேயே இலாபம் கண்டது.

இலாபம் என்ற சொல் இங்கே முக்கியம். நன்கொடை கேட்டு வருபவரைப் பெரிய நிறுவனங்கள் வாசலில் வைத்துப் பேசுவார்கள். இலாபக் கணக்கோடு வருபவரை உள்ளே அழைத்து உட்கார வைப்பார்கள். ஓம்ரோனைத் தொடர்ந்து 1978இல் சோனி நிறுவனம் வந்தது. சோனி தாயோ தொழிற்சாலையின் தொழிலாளர்கள் பின்னாளில், இசைப்பதிவுக் கூடங்களில் பயன்படும் உயர்தர ஒலிவாங்கிகளைத் தயாரிக்கும் அளவுக்குத் தேர்ச்சி பெற்றார்கள். ஹோண்டா நிறுவனர் சோயிச்சிரோ ஹோண்டா சூரிய இல்லத்தை நேரில் பார்வையிட்டு மனம் நெகிழ்ந்தார். 1981இல் ஹோண்டாவின் தொழிற்சாலையும் உருவானது.

1983இல் மிட்சுபிஷி வணிக நிறுவனம் வந்தபோது வரலாறு இன்னொரு படி ஏறியது. இம்முறை வந்தது உதிரிப்பாகம் அல்ல, கணினி. தகவல்களைக் கணினியில் பதிவதும் நிரல் எழுதுவதும் அங்கே தொழிலாயின. தனிக் கணினி ஒவ்வோர் அலுவலக மேசைக்கும் வந்து சேராத காலம் அது. ஜப்பானில் உடல் நலமுள்ள பலர் விசைப்பலகையைத் தொட்டுக்கூடப் பார்த்திராதபோது, பெப்புவில் சக்கர நாற்காலியில் இருந்தவர்கள் அதில் சம்பாதித்துக் கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஆண்டு, 1984 ஜூலையில், நாகாமுரா காலமானார். அவருக்கு வயது 57.

சுவருக்குள் ஓர் ஊரா?

சூரிய இல்லத்தைப் புகழ்வதோடு நிறுத்திவிட்டால் வரலாற்றில் பாதியைத்தான் சொன்னவர்களாவோம். உடற்பேறு குறைந்தோரை ஒரே இடத்தில் திரட்டி வைத்தால், அது இன்னொரு வகைத் தனிமை ஆகாதா என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. நியாயமான கேள்விதான்.

அதற்குப் பெப்பு ஒரு பதில் வைத்திருந்தது. சூரிய இல்லத்தைச் சுற்றிப் பேரங்காடி, வங்கிக் கிளை, குளியல் இல்லம், உடற்பயிற்சிக்கூடம் ஆகியவை வந்தன. அவை அக்கம்பக்கத்து மக்களுக்கும் திறந்து விடப்பட்டன. காய்கறி வாங்க வந்த இல்லத்தரசிக்குப் பணம் எண்ணிக் கொடுப்பவர் சக்கர நாற்காலியில் இருப்பார். நாள்தோறும் பார்ப்பதால், அது செய்தியாக இல்லாமல் ஊர் வழக்கமாகிவிட்டது. நமக்கு அருகில் சிங்கப்பூரில், 2015இல் லெங்கோக் பாருவில் திறக்கப்பட்ட எனேபலிங் வில்லேஜ் வளாகத்திலும் பயிற்சிக்கூடத்தின் அருகிலேயே பேரங்காடியையும் உடற்பயிற்சிக்கூடத்தையும் பொதுமக்களுக்காக அமைத்தார்கள். பயிற்சி பெறுபவரும் பொதுமக்களும் ஒரே வரிசையில் நின்று பொருள் வாங்குவது, எந்த விழிப்புணர்வுப் பிரசாரத்தையும்விட வலுவானது.

ஆயினும், இந்தப் பதில் எல்லாருக்கும் போதவில்லை. பெப்புவுக்கு வந்து சேரக்கூட இயலாதவர்கள் இருந்தார்கள். விரல் ஒன்று மட்டும் அசையும், படுக்கையை விட்டு எழ முடியாது என்ற நிலையில் உள்ளவர் எந்தத் தொழிற்சாலைக்குப் போவார்?

படுக்கையறையே பணியிடம்

அவர்களுக்காக எழுந்தவர் நாமி தாகேநாக்கா என்ற தாய். கடுமையான உடற்குறையும் மனவளர்ச்சிக் குறையும் கொண்ட மகளை வளர்த்தவர் அவர். 1990களின் தொடக்கத்தில் புரோப் ஸ்டேஷன் என்ற அமைப்பை உருவாக்கி, கணினியைக் கொண்டு வீட்டிலிருந்தே வேலை செய்யப் பயிற்சி அளித்தார். இணையம் பரவலாகாத காலத்திலேயே, தொலைபேசிக் கம்பி வழியே வேலையை அனுப்பலாம், முடித்ததைத் திரும்பப் பெறலாம் என்பதை அவர் கண்டுகொண்டார்.

இரண்டு முடிவுகளில் அவர் உறுதியாக இருந்தார். ஒன்று, கற்பிப்பவர் அந்தத் தொழிலில் தேர்ந்தவராக இருக்க வேண்டும். இரண்டு, பயிற்சி இலவசம் அல்ல; கட்டணம் உண்டு. உடற்பேறு குறைந்தோரிடமா கட்டணம் வாங்குவது என்று நமக்குத் தோன்றலாம். காசு கொடுத்துக் கற்பவர் ஆசிரியரிடம் கேள்வி கேட்பார். பாடம் பயனற்றதாக இருந்தால் முறையிடுவார். இனாமாகப் பெறுபவர் பெரும்பாலும் நன்றி சொல்லிவிட்டு மெளனமாகிவிடுவார். எல்லாராலும் கட்டணம் செலுத்த இயலாது என்பது உண்மையே. ஆனால், கற்பவருக்குக் கேட்கும் உரிமை வேண்டும் என்ற அடிப்படையை யாரும் மறுக்க முடியாது.

1995 ஜனவரியில் கோபே நகரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. அந்த வேளையில், கணினி கற்றிருந்த உறுப்பினர்கள் கணினிவழித் தொடர்பில் ஒருவரையொருவர் விசாரித்துக் கொண்டார்கள். செய்திகளைப் பரிமாறிக் கொண்டார்கள். உதவி பெற வேண்டியவர்கள் என்று ஊர் நினைத்தவர்கள், அன்று மற்றவர்களுக்கு உதவி செய்தார்கள்.

சட்டமும் எண்ணிக்கையும்

இவ்வளவுக்கும் சட்டத்தின் துணை இருந்தது. ஜப்பான் 1960இல் உடற்பேறு குறைந்தோர் வேலைவாய்ப்புச் சட்டத்தை இயற்றியது. 1976இல் அதைத் திருத்தி, தனியார் நிறுவனங்கள் 1.5 விழுக்காட்டு இடங்களைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயமாக்கியது. கொடுக்காத பெரிய நிறுவனங்கள் குறையும் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு தொகை செலுத்த வேண்டும். அதிகம் பேருக்கு வேலை கொடுத்த நிறுவனங்களுக்கு அந்த நிதியிலிருந்து உதவி கிடைக்கும். அந்த விகிதம் படிப்படியாக உயர்ந்து, 2024 ஏப்ரலில் 2.5 விழுக்காடு ஆயிற்று.

சட்டம் இருந்தால் போதுமா? 2018இல் ஜப்பான் அதற்கும் ஒரு பாடம் சொன்னது. நாட்டின் மத்திய அமைச்சுகளும் அரசு அமைப்புகளும் பல ஆண்டுகளாகத் தகுதி பெறாதவர்களையும் கணக்கில் சேர்த்து, விகிதத்தை நிறைவு செய்ததாகக் காட்டி வந்தது வெளியானது. அப்படிச் சேர்க்கப்பட்டவர்கள் 3,000க்கும் மேற்பட்டோர். தனியாரைக் கட்டாயப்படுத்திய அரசாங்கமே தன் வீட்டுக் கணக்கைத் தப்பாக எழுதியிருந்தது. எண்ணிக்கையை மட்டும் கேட்டால் எண்ணிக்கைதான் கிடைக்கும். மேசையை மாற்றவும் இயந்திரத்தை மாற்றவும் மனம் வைத்தால்தான் வேலை கிடைக்கும்.

நம் வாசலுக்கு வந்த தீபம்

நாகாமுராவின் வரலாறு நம் நாட்டோடும் தொடர்புடையது. ஆசிய, பசிபிக் வட்டாரத்து உடற்பேறு குறைந்தோருக்காக அவர் முனைந்து உருவாக்கிய பெஸ்பிக் விளையாட்டுப் போட்டி, 1975இல் ஒயித்தாவில் தொடங்கியது. அதன் ஒன்பதாவது போட்டி 2006 நவம்பரில் நம் கோலாலம்பூரில் நடந்தது. அதுவே கடைசிப் போட்டியும் ஆனது. பிறகு அது ஆசியப் பாரா விளையாட்டுப் போட்டியாக மலர்ந்து, 2010இல் குவாங்சோவில் தொடர்ந்தது. பெப்புவில் ஏற்றிய தீபத்தை ஓர் இரவு நம் தலைநகரம் ஏந்தியிருந்தது.

விளையாட்டின் தீபத்தை ஏந்தினோம். வேலையின் தீபத்தை ஏந்தினோமா? மலேசியாவில் அரசுத் துறை வேலைகளில் ஒரு விழுக்காடு என்ற கொள்கை 1988இலேயே வந்துவிட்டது. 2008இல் உடற்பேறு குறைந்தோர் சட்டமும் வந்தது. பாங்கியில் தொழிற்பயிற்சி, மறுவாழ்வு மையம் 1999 முதல் இயங்கி வருகிறது. தலைநகர்ப் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில், வெள்ளைக் கைத்தடியோடு வேலைக்குச் செல்பவர்களை நாம் நாள்தோறும் பார்த்தே வளர்ந்திருக்கிறோம். ஆக, விதை இல்லை என்று சொல்வதற்கில்லை.

நாம் செய்ய வேண்டியது கேள்வி கேட்பது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ உடற்பேறு குறைந்த இளைஞர் ஒருவர் பயிற்சியில் சேர விரும்பினால், நடத்துவோரிடம் மூன்று கேள்விகளைத் துணிந்து கேளுங்கள். இந்தப் பயிற்சியின் மறுமுனையில் எந்த நிறுவனம் காத்திருக்கிறது? கற்பிக்கும் தொழில் இன்னும் பத்து ஆண்டுக்கு நிற்குமா, அல்லது கூடை முடைவதைப் போல் பின்தங்கிவிட்டதா? இவருடைய உடலுக்கேற்ப மேசையையும் கருவியையும் மாற்றித் தருவீர்களா?

தொழில் நடத்தும் அன்பர்களுக்கும் ஒரு சொல். தீபாவளிக்கு இல்லங்களுக்கு அன்னதானம் செய்கிறீர்கள். நல்ல காரியம், தொடருங்கள். அந்த இல்லத்தில் ஒருவருக்கு உங்கள் அலுவலகக் கணக்கைக் கணினியில் பதியும் வேலை கொடுத்தால், அடுத்த தீபாவளிக்கு அவரே பத்துப் பேருக்குச் சோறு போடுவார்.

வீட்டின் பின்னறையில் மகனை, மகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெற்றோருக்குச் சொல்ல ஒன்று உண்டு. உங்கள் அன்பில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால், நமக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள் என்று இரவில் நீங்கள் அழும் அழுகைக்கு, ஒரு தொழிலைவிட நல்ல பதில் இல்லை. 1964இல் தோக்கியோவில் போட்டி முடிந்து மருத்துவமனைக் கட்டிலுக்குத் திரும்பியவர்களும் யாரோ ஒருவரின் பிள்ளைகள்தாம். அவர்களுக்காக ஒரு மருத்துவர் நிறுவனம் நிறுவனமாக ஏறி இறங்கினார். நம் பிள்ளைக்காக நாம் ஒரு வாசற்படியாவது ஏறி இறங்கலாமே.